நாளைய கணினியைப் பற்றி நம்மவர்கள் நேற்று சொன்னவை



மென்பொருள் எழுதுகிறவர்கள் இன்றைய கருவிகளைப் பற்றியும் நாளைய போக்குகளைப் பற்றியும் என்ன நினைக்கிறார்கள் என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். எனக்கு முன் பேசிய இளைஞர்கள் வரப்போவதைப் பற்றிச் சொன்னார்கள். செயற்கை நுண்ணறிவு நிரல் எழுதித் தருகிறது, அதை நம்பலாமா, அது நம் வேலையைப் பறித்துக்கொள்ளுமா என்று விவாதித்தார்கள். புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையை ஒட்டிய மாமாக் கடைகளில் மாலை வேலை முடிந்து வருகிறவர்கள் தே தாரிக்கை வைத்துக்கொண்டு பேசுவதும் இதைத்தான். எனக்குக் கொடுக்கப்பட்ட பகுதி வரலாறு. ஆகவே, இதே கேள்வியை முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேட்டுக்கொண்ட தமிழ் மென்பொருளாளர்கள் என்ன விடை சொன்னார்கள், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை, பலிக்காததற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. செபராங் பிறைக்குத் தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, பிறகு செம்பனை வந்தது. 1972இல் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் நிறுவனம் கட்டிய முதல் தொழிற்சாலை அதே ஆண்டில் அங்கே எழுந்தது. பின்னர் பெருநிலத்தில் பிறை, புக்கிட் தெங்கா, புக்கிட் மிஞ்ஞாக் என்று தொழிற்பேட்டைகள் வளர்ந்தன. தோட்டத்தில் பால் மரம் சீவிய தாயின் மகள் தொழிற்சாலையில் சில்லுகளைச் சோதிக்கும் வேலைக்குப் போனாள். உலகத்துக் கணினிகளின் உறுப்புகள் நம் பெண்களின் கைவழியாகத்தான் போயின. அந்தக் கணினிக்குள் ‘அம்மா’ என்று எழுத வழி இருக்கிறதா என்று அன்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற இடத்தில் நாம் இல்லை.

கேட்டவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு மலாயாவோடு தொடர்பு இருந்தது என்பது நாம் அதிகம் பேசாத செய்தி.

மலாயாவில் பிறந்த தட்டச்சு

யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்தவர் ஆர். முத்தையா. 1907இல் மலாயாவுக்கு வந்து ரயில்வேயில் வேலை பார்த்தார். பிறகு சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் சேர்ந்தார். ஆங்கிலத் தட்டச்சில் தேர்ந்தவர். தமிழுக்கும் ஒரு பொறி வேண்டும் என்று அவர் உட்கார்ந்து வகுத்த விசைப்பலகைதான், ஜெர்மனியின் செய்டல் அண்ட் நௌமன் நிறுவனம் செய்த ‘பிஜோ’ தட்டச்சுப் பொறியில் ஏறியது. தமிழில் 247 எழுத்து. பொறியில் இருப்பதோ நாற்பத்துச் சொச்சம் விசை. அவர் கண்ட வழி நகரா விசை. ‘க்’ வேண்டுமென்றால் முதலில் புள்ளியைத் தட்ட வேண்டும். தாள் நகராது. பிறகு ‘க’வைத் தட்டினால் புள்ளிக்குக் கீழே ‘க’ வந்து உட்காரும்.

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் எழுதும்போது ‘க’ எழுதிப் பிறகு புள்ளி வைக்கிறோம். பொறி அதைத் தலைகீழாக்கியது. விரல்கள் பொறிக்குப் பழகின. அரை நூற்றாண்டுக்குப் பிறகு கணினி வந்தபோதும் அச்சகங்களில் இருந்த அந்த விரல்கள் புள்ளியைத்தான் முதலில் தேடின. ஒரு கருவியைச் செய்கிறவர் தமது காலத்துச் சிக்கலைத் தீர்க்கிறார். அந்தத் தீர்வு அவருக்குப் பின்னால் வருகிறவர்களின் சிக்கலாகவும் ஆகிவிடுகிறது. முத்தையாவைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவர் இல்லாவிட்டால் நம் சங்கங்களின் கடிதங்களும் பள்ளிகளின் சுற்றறிக்கைகளும் கையெழுத்திலேயே நின்றிருக்கும்.

1985

பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது 1985இல். அதே ஆண்டில் முத்து நெடுமாறன் ‘முரசு’ என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கினார். கேரித்தீவில் பிறந்தவர். ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ தொகுத்த பாவலர் முரசு நெடுமாறனின் மகன். ஏறத்தாழ அதே காலத்தில் கனடாவில் பேராசிரியர் சீனிவாசன் ‘ஆதமி’ என்ற செயலியைச் செய்திருந்தார். 1990களில் சுவிட்சர்லாந்தில் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் ஆசிரியப் பயிற்றுநருமான நா. கோவிந்தசாமி ‘கணியன்’ என்று ஒன்றைச் செய்தார். இவர்கள் யாரும் தமிழ்நாட்டில் உட்கார்ந்து செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். தமிழில் கடிதம் எழுத ஏங்கியவர்கள் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள்தாம்.

சிக்கல் எங்கே வந்தது? அன்றைய கணினியில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்கள். முதல் 128 இடம் ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும் போய்விடும். மிச்சம் 128. அதிலும் சில இடங்களைக் கணினி தன் வேலைக்கு வைத்துக்கொள்ளும். அந்த 128க்குள் தமிழை அடக்க வேண்டும். ‘கா’ வேண்டுமென்றால் ‘க’வும் காலும் சேர்த்துக்கொள்ளலாம். ‘கு’, ‘கூ’, ‘டி’, ‘டீ’ போன்றவற்றைப் பிரிக்க முடியாது, முழு எழுத்தாக வைக்க வேண்டும். எதை முழுதாக வைப்பது, எதை ஒட்டுவது, எதை எந்த இடத்தில் வைப்பது என்பதை ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி முடிவு செய்தார்கள். ஒருவர் ‘அ’ வைத்த இடத்தில் இன்னொருவர் ‘ழ’ வைத்தார். அதனால் ஒரு மென்பொருளில் எழுதிய கடிதம் இன்னொன்றில் திறந்தால் குப்பையாகத் தெரிந்தது. கோலாலம்பூரில் அடித்ததைப் பட்டர்வொர்த்தில் படிக்க வேண்டுமானால் கோப்போடு எழுத்துருவையும் வட்டில் போட்டு அனுப்ப வேண்டும்.

வணிகம் செய்தவர்களில் சிலருக்கு இந்தக் குழப்பம் வசதியாகவும் இருந்தது. என் எழுத்துருவில் நூறு பக்கம் அடித்துவிட்டவர் நாளை வேறு கடைக்குப் போக மாட்டார் அல்லவா?

மூன்று கட்சிகள்

1995 அக்டோபரில் நா. கோவிந்தசாமி, சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் இணைய ஆய்வுப் பிரிவிலிருந்த டான் டின் வீயோடு சேர்ந்து, சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளை இணையத்தில் ஏற்றினார். இணையத்தில் தமிழ் ஏறிய முதல் பக்கங்களில் ஒன்று அது. 1997 மே மாதம் அவர் முயற்சியில் சிங்கப்பூரில் ‘தமிழ்நெட் 97’ மாநாடு கூடியது. வட்டுக்குள் இருந்த குழப்பம் இணையத்தில் ஏறியதும் ஊரறிந்த குழப்பமாகிவிட்டதுதான் அந்த மாநாடு கூடியதற்குக் காரணம். அங்கே தொடங்கிய விவாதம் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. கோபதாபங்கள் இருந்தன. சில நட்புகள் முறிந்தன. சுருக்கமாகச் சொன்னால் மூன்று கட்சி.

முதல் கட்சி, இருக்கிற கணினிக்கு இன்றே வழி செய்வோம் என்றது. மின்னஞ்சல் வழியாகவே பல நாட்டார் கூடிப் பேசி ‘திஸ்கி’ என்ற குறியீட்டை வகுத்தார்கள். ஆங்கிலமும் தமிழும் ஒரே எழுத்துருவில் இருக்கும். விண்டோஸ் 95இல் ஓடும், 98இல் ஓடும். காசு இல்லை, யாரும் பயன்படுத்தலாம். அதிலும் வேடிக்கை உண்டு. ‘இ’யை 173ஆம் இடத்தில் வைத்தார்கள். அந்த இடத்தைச் சில கணினிகள் சொல்லை உடைக்கும் கோட்டுக்கென்று ஒதுக்கியிருந்தன. ஆகவே அங்கே ‘இ’ மட்டும் காணாமல் போனது! பிறகு அதற்கு வேறோர் இடமும் தர வேண்டியதாயிற்று.

இரண்டாவது கட்சி, அரசு சொல்லட்டும், எல்லாரும் கேட்போம் என்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டில் ‘டாம்’, ‘டாப்’ என்று இரண்டு குறியீடுகளும் ‘தமிழ்99’ என்ற விசைப்பலகையும் ஏற்கப்பட்டன. தமிழ்நாட்டு அரசு ஆணையும் பிறப்பித்தது. அந்த ஆண்டிலேயே கோவிந்தசாமி காலமானார்.

மூன்றாவது கட்சி, இதெல்லாம் எதற்கு, யூனிகோட் இருக்கிறதே என்றது. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. உலகத்து எழுத்துகள் எல்லாவற்றுக்கும் தனித்தனி எண். சீனமும் அரபும் தமிழும் ஒரே பக்கத்தில் நிற்கலாம். மலேசியர்களுக்கு இதன் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் யூனிகோடின் மேல் குறைகளும் இருந்தன. தமிழுக்கு 128 இடமே ஒதுக்கினார்கள், அதையும் இந்திய அரசின் குறியீட்டை அப்படியே பார்த்து வைத்தார்கள். தேவநாகரிக்கு வகுத்த வரிசையில் தமிழைப் போட்டதால், ‘ன’ என்ற எழுத்து ‘ந’வுக்கு அடுத்து வந்துவிட்டது. நம் நெடுங்கணக்கில் அது கடைசி எழுத்து. ஒரு தமிழ்ப்பள்ளியின் பெயர்ப் பட்டியலில் மயில்வாகனம், மலர்விழி, மனோகரன் என்று இருக்க வேண்டும். எண் வரிசையை மட்டும் பார்த்து அடுக்கும் செயலியில் மனோகரன் முதலில் வந்து நிற்பார். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து எண். உயிர்மெய் முழு எழுத்தாக அங்கே இல்லை. இது தமிழுக்குச் செய்த அநீதி என்று கருதியவர்கள் தமிழ்நாட்டில் பலர். எல்லா உயிர்மெய்க்கும் தனி இடம் தரும் 16 பிட் குறியீடு ஒன்றை வகுத்தார்கள். ஒருமுறை எண் கொடுத்த எழுத்தை மாற்றுவதில்லை என்பது யூனிகோட் சேர்த்தியத்தின் விதி. ஆகவே அங்கே அது எடுபடவில்லை. 2010 ஜூனில் தமிழ்நாட்டு அரசு யூனிகோடையும், ‘டேஸ்16’ என்று பெயர் பெற்ற அந்தக் குறியீட்டையும் சேர்த்தே ஏற்றது.

இப்போது திரும்பிப் பார்த்தால் யார் சொன்னது நடந்தது? யூனிகோட் கட்சியினர் சொன்னது நடந்தது. ஆனால் அவர்கள் சொன்ன நாளில் நடக்கவில்லை. யூனிகோட் தமிழைச் சரியாகக் காட்ட, ‘கெ’ என்பதில் கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்கத் தெரிந்த இயங்குதளம் வேண்டும். விண்டோஸ் 2000இல்தான் ‘லதா’ எழுத்துருவோடு அது வந்தது. நம் வீடுகளிலும் இணைய மையங்களிலும் இருந்தவை பெரும்பாலும் விண்டோஸ் 98. பத்திரிகை அலுவலகங்களின் நிலைமை இன்னும் மோசம். பக்கம் கட்டும் பேஜ்மேக்கர் ஏழாம் பதிப்போடு நின்றுபோனது. அதற்கு யூனிகோட் தமிழ் கடைசிவரை தெரியவே இல்லை. ஆகவே 2010க்குப் பிறகும் பல அச்சகங்கள் பழைய எழுத்துருக்களிலேயே ஓடின. ‘நாளை வரும்’ என்று சொன்னவர் சரி, ‘இன்று ஓட வேண்டுமே’ என்று சொன்னவரும் சரி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் முட்டாள் என்றதுதான் வீண்.

விரல் பழக்கம் நின்றது

2000 ஜூலையில் சிங்கப்பூர் மாநாட்டில் ‘உத்தமம்’ என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தொடங்கப்பட்டது. 2001 ஆகஸ்டில் அந்த மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. 2013இல் மறுபடியும் மலேசியாவில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. இந்தப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் மேசைக் கணினி போய்க் கைப்பேசி வந்துவிட்டது. 2005 பொங்கலை ஒட்டிச் சிங்கப்பூரில் ‘செல்லினம்’ அறிமுகமானது. முத்து நெடுமாறன் செய்ததுதான். அன்றைய கைப்பேசிக் குறுஞ்செய்தியில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்து அனுப்பலாம், யூனிகோட் தமிழ் என்றால் 70. அதிலும் ‘தமிழ்’ என்று எழுதினாலே ஐந்து போய்விடும். அப்படியிருந்தும் செய்தார்கள்.

எனக்கு வியப்பாக இருப்பது இதுதான். 1990களில் வந்த ‘முரசு அஞ்சல்’ மென்பொருளின் உள்ளே இருந்த குறியீடுகள் மாறின. திஸ்கி வந்து, யூனிகோட் வந்தது. ஆனால் ‘அம்மா’ என்று எழுத ரோமன் எழுத்தில் ஒலித்தபடி தட்டும் அஞ்சல் விசைமுறை மாறவில்லை. 2013இல் ஐஃபோனின் இயங்குதளத்திலேயே தமிழ் விசைப்பலகை சேர்க்கப்பட்டபோது, சென்னையின் தமிழ்99ம் நம் நாட்டு அஞ்சலும் இரண்டும் அதில் இருந்தன. காரணம் என்ன? விரல் என்ன தட்டுகிறது, கணினி எதைச் சேமிக்கிறது, திரை எதைக் காட்டுகிறது என்ற மூன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்தார்கள். தட்டச்சுப் பொறியில் மூன்றும் ஒன்று. பழைய எழுத்துருக்களில் சேமிப்பதும் காட்டுவதும் ஒன்று. அப்படி ஒன்றாய்க் கட்டியவை எல்லாம் பொறி மாறியதும் விழுந்தன. எந்தக் கருவி நல்லது என்று என்னிடம் கேட்கிற இளைஞர்களுக்கு, இந்தப் பிரிவினை அதில் இருக்கிறதா என்று பாருங்கள் என்பதுதான் என் பதில்.

தொலைந்த இருபது ஆண்டுகள்

இப்போது விலைக்கு வருகிறேன். 1985 தொடங்கி ஏறத்தாழ 2005 வரை மலேசியத் தமிழர்கள் கணினியில் அடித்தவை எத்தனை! ஆலயத் திருப்பணி மலர்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ்கள், தோட்டம் துண்டாடப்பட்டபோது எழுதிய மனுக்கள், சிறுகதைத் தொகுப்புகள், நாளிதழ்களின் ஞாயிறு பக்கங்கள். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. இவற்றின் கோப்புகள் எங்கே? 1.44 மெகாபைட் வட்டுகளில், பேஜ்மேக்கர் கோப்புகளில், இன்று எந்தக் கணினியும் அறியாத எழுத்துருக்களில். 1930களின் ‘தமிழ் முரசு’ இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம், ஏனென்றால் அது தாளில் இருந்தது. 1996இல் நம் பக்கத்து ஆலயம் வெளியிட்ட மலரின் கோப்பைத் திறக்க முடியாது.

எனக்கு முன் பேசியவர்கள் செயற்கை நுண்ணறிவுக்குத் தமிழ் சரியாக வரவில்லை என்றார்கள். வராததற்கு ஒரு காரணம் நம்மிடமே இருக்கிறது. அந்தப் பொறிகள் இணையத்தில் கிடைக்கும் எழுத்தைப் படித்துக் கற்றவை. யூனிகோடில் ஏறிய தமிழைத்தான் அவை தமிழாகப் படிக்கும். பழைய எழுத்துருவில் உள்ளது அவற்றுக்குக் குப்பை. ‘செம்பனை’யும் ‘வெட்டுமரம்’, ‘மண்டோர்’ போன்ற தோட்டத்துச் சொற்களும் அவற்றுக்குத் தெரியாவிட்டால் ஆச்சரியம் இல்லை. மலேசியத் தமிழர்களின் இருபது ஆண்டு எழுத்தை அவற்றிடம் யாரும் காட்டவே இல்லை. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி, தான் ஏற்றிய பழைய நூல்களைத் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டே வந்தது. சங்க இலக்கியம் பொறிக்குக் கிடைத்ததற்கு அப்படிப்பட்ட தன்னார்வலர்கள் காரணம். ஜூரு தோட்டத்துக் கதை கிடைக்கவில்லை.

பழைய விவாதமும் தீர்ந்துவிடவில்லை. இன்றைய யூனிகோட் சேமிப்பு முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட் எடுத்தால், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல் 15 பைட். மொழிப்பொறிகள் சொல்லைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கின்றன. ஆங்கிலத்தை நிறையப் படித்த கத்தி தமிழைப் பொடிப் பொடியாக நறுக்குகிறது. துண்டு கூடினால் காசு கூடும், வேகம் குறையும். உயிர்மெய்யை முழு எழுத்தாக வைக்கவில்லையே என்று அன்று கோபப்பட்டவர்கள் முற்றிலும் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இதற்கு மருந்து எழுத்தின் எண்ணை மாற்றுவதில் இல்லை, நறுக்கும் கத்தியைத் தமிழுக்குத் தீட்டுவதில் இருக்கிறது. அந்த வேலையை இன்று இந்திய ஆய்வுக் குழுக்கள் செய்கின்றன. பாயான் லெப்பாஸிலும் புக்கிட் தெங்காவிலும் உள்ள நம் பிள்ளைகளும் செய்யலாம், படிப்பு இருக்கிறது.

அதற்குமுன் கையில் இருப்பதை மீட்க வேண்டும். இது பெரிய ஆராய்ச்சி அல்ல. பழைய எழுத்துரு என்பது ஓர் அட்டவணைதான்: இந்த இடத்தில் இந்த எழுத்து. அட்டவணை தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். ஜெர்மனியில் வாழும் சுரதா யாழ்வாணனின் ‘பொங்குதமிழ்’ மாற்றியும், சென்னையின் என்.எச்.எம். மாற்றியும் இதற்காகவே பிறந்தவை. கடினமானது வட்டைப் படிப்பது. சோனி நிறுவனம் 2011இல் அந்த வட்டுகளின் விற்பனையை நிறுத்திவிட்டது. காந்தப் பூச்சு நம் நாட்டு ஈரத்தில் பூசணம் பிடிக்கிறது.

ஆலயச் செயலாளர்களும் தலைமையாசிரியர்களும் இதைப் படித்தால், அலமாரியில் உள்ள வட்டுகளை எறிந்துவிட வேண்டாம். யூஎஸ்பி வழியாகச் செருகும் வட்டு இயக்கி இன்னும் கிடைக்கிறது. முதலில் கோப்புகளை அப்படியே நகல் எடுத்துவிடுங்கள், திருத்தம் ஏதும் செய்யாதீர்கள். எழுத்துருவின் பெயர் கோப்பிலேயே இருக்கும், அதைக் குறித்துவையுங்கள். எழுத்துரு கிடைக்கவில்லை என்றால் அச்சிட்ட மலரின் ஒரு பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் கிறுக்கல் எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு அட்டவணை போடலாம். இரண்டு மாணவர்களுக்கு ஒரு சனிக்கிழமை வேலை. மாற்றிய பிறகு ‘ஔ’, ‘ஸ்ரீ’, மேற்கோள் குறி ஆகிய மூன்றையும் மட்டும் தனியே சரிபாருங்கள், பெரும்பாலும் இடறுவது அங்கேதான்.